ஐந்து வருஷத்து வால்வு

எனக்குப் பதினொரு வயது நடந்தபோது, மெட்ராஸில் ஒரு ஆஸ்பத்திரி அறையில் என் அப்பா டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியால்தான் என் நெஞ்சுக்குள் ஒரு பன்றியின் வால்வு வந்து உட்கார்ந்தது. அப்பா நல்லவர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதில் அவர் நல்லவராகத் தெரியமாட்டார்.

நோய் வந்த கதை சின்னது. ஒன்பது வயதில் தொண்டைவலி, காய்ச்சல். காய்ச்சல் விட்டபிறகு ஒரு முழங்கால் வீங்கியது, அது வடிந்ததும் கணுக்கால். நெல்லித்தோப்பில் எங்கள் சந்து முழுக்க மில் தொழிலாளிகளின் வீடுகள். மழைக்காலத்தில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்து போவதை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அம்மா தைலம் தேய்த்தாள், வீக்கம் போய்விட்டது. இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் பள்ளிக்கூட மாடிப்படியில் பாதி ஏறி, அதற்கு மேல் முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். கணக்கு எடுக்கும் கன்னியாஸ்திரி, எங்கள் மாசேர், என் முதுகில் கைவைத்துப் பார்த்தார். வைத்த கையை எடுக்காமல், "உங்கப்பா எந்த மில்லு?" என்று கேட்டார். அப்பா ஷிப்டின் நடுவிலேயே வந்தார், மீசையெல்லாம் பஞ்சு.

அந்தக் காய்ச்சல் போகிறபோக்கில் இதயத்தின் இடதுபக்க வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. போன ரத்தம் திரும்பி வருகிறது, வால்வை மாற்ற வேண்டும், மெட்ராஸுக்குத்தான் போக வேண்டும் என்றார்கள் எங்கள் ஊர் டாக்டர்கள். அதற்குள் நான் படுத்தால் மூச்சு முட்டும் நிலைக்கு வந்திருந்தேன். மூன்று தலையணையில் சாய்ந்துதான் தூக்கம்.

மெட்ராஸ் வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணும் பாண்டிச்சேரிதான். குருசுக்குப்பம். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், எனக்கிருந்த அதே நோய். அவள் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, அம்மா மீன் விற்றாள். வார்டில் எங்களைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. நர்ஸுகள் அவளைக் குருசுக்குப்பம் என்றும் என்னை நெல்லித்தோப்பு என்றும் கூப்பிட்டார்கள். நாங்களும் ஒருவரையொருவர் அப்படியே கூப்பிட்டுக்கொண்டோம். கடைசிவரை அப்படித்தான்.

ஒருநாள் காலை டாக்டர் எங்கள் இரண்டு குடும்பத்தையும் ஒன்றாகத் தன் அறைக்கு அழைத்தார். இரண்டும் ஒரே ஊர், ஒரே வியாதி, ஒரு தடவை சொன்னால் போதும் என்று நினைத்திருப்பார். மேஜைமேல் இரண்டு பொருள் இருந்தன. ஒன்று சின்னக் கம்பிக்கூண்டு, உள்ளே ஒரு உருண்டை. இன்னொன்று கண்ணாடி ஜாடியில் ஏதோ தண்ணீருக்குள் மிதந்த வெளுத்த சதை.

"இது உலோகம்," என்று கூண்டைத் தொட்டார். "சீக்கிரம் தேயாது. ஆனா ரத்தம் அதுமேல உறைஞ்சு அடைச்சுக்கும். அப்படி ஆகாம இருக்க ஆயுசு பூரா தினம் மாத்திரை சாப்பிடணும், மாசாமாசம் ரத்தம் குடுத்துப் பாக்கணும். பெண்பிள்ளைங்க பின்னால கர்ப்பமானா அந்த மாத்திரையால ஆபத்து இருக்கு." பிறகு ஜாடியைத் தொட்டார். "இது பன்றியோட வால்வு, பதம் பண்ணினது. மாத்திரை வேணாம். பெரியவங்களுக்கு நல்லா ஓடுது. இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு எத்தனை வருஷம் தாங்கும்னு எங்களுக்கே இன்னும் சரியாத் தெரியாது."

அப்பா கைகட்டி நின்றுகொண்டு கேட்டார். "இது வெச்சா நாளைக்குக் கல்யாணம் பண்ணலாமா சார்? கொழந்த பொறக்குமா?"

"பொறக்கலாம். தடையில்லை."

"அப்ப இதையே வெச்சிடுங்க."

அதுவரை சுவரோரம் நின்றிருந்த மீன்காரம்மா முன்னால் வந்தாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு சாமி. இதுல எது ரொம்ப நாளு தாங்கும்?"

"உலோகம்தான்."

"அத்தயே போடு. எனக்குப் பேரப்புள்ளலாம் வாணாம். இவ இருந்தா போதும்."

வெளியே வந்ததும் அப்பா அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார், "வெவரம் தெரியாத பொம்பள. நாளைக்கு அந்தப் பொண்ண எவன் கட்டுவான்?" எனக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது. என்னைப்பற்றி அப்பா அவ்வளவு தூரம் யோசித்திருக்கிறாரே என்று பெருமைகூட வந்தது.

ஆபரேஷன் முடிந்தது. தொண்டைக்குழிக்குக் கீழே தொடங்கி வயிற்றுக்கு மேல்வரை ஒரு தையல். ஊருக்கு வந்தபிறகு, எனக்குள் இருப்பது ரப்பர் வால்வு என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். அத்தை மட்டும் எப்படியோ உண்மையைத் தெரிந்துகொண்டு, கோயிலுக்குக் கூட்டிப்போகலாமா கூடாதா என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா மறுநாளே என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சன்னதிக்கு நேராக நிறுத்தினாள்.

நல்லாயிருந்த வருஷங்களும் இருந்தன, இல்லையென்று சொன்னால் பொய். ஓடினேன். மாடிப்படி ஏறினேன். கடற்கரைச் சாலையில் தோழிகளோடு ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடந்தேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இடுப்பில் பென்சிலின் ஊசி, அவ்வளவுதான். நான் வயதுக்கு வந்தபோது அப்பா சக்திக்கு மீறிப் பந்தல் போட்டு ஸ்பீக்கர் கட்டினார். எங்கள் சந்தில் யாரும் அப்படிச் செய்ததில்லை. எதற்கு அத்தனை ஆர்ப்பாட்டம் என்று பிற்பாடுதான் புரிந்தது. பெண் நன்றாக இருக்கிறாள் என்று ஊருக்குக் காட்ட வேண்டும். அன்று எனக்குத் தைத்த ரவிக்கைக்குக் கழுத்து தாடைவரை இருந்தது. சித்திரை மாத வெயில். வேர்வையில் தையல் போட்ட இடம் அரித்தது. சொறியக்கூடாது, எல்லோரும் பார்ப்பார்கள் என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாவது வருஷம் மறுபடி ஆரம்பித்தது. முதலில் மாடிப்படி. நான் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு குடம் தூக்க முடியவில்லை. அதையும் வேறு சாக்கு சொல்லி மறைத்தேன். அப்பா அப்போது எனக்கு வரன் விசாரிக்கத் தொடங்கியிருந்தார், பதினாறு வயதில். வீட்டில் என் உடம்பைப்பற்றிப் பேச்செடுத்தால் அவர் முகம் மாறிவிடும்.

ஒருநாள் நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் நடுவழியில் மூச்சு வாங்கி, ஒரு கடைப்படியில் உட்கார்ந்திருந்தேன். எதிரே மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வேகமாக வந்தாள். அவளேதான். கூடையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா நெல்லித்தோப்பு, இப்பிடி ஒக்காந்துட்ட?"

"சும்மாதான்."

அவள் என் உதட்டைப் பார்த்தாள். நீலம் பூத்த நகத்தைப் பார்த்தாள். எங்கள் வார்டில் படுத்திருந்த யாருக்கும் அதைப் படிக்கத் தெரியும். "உங்கம்மாகிட்ட சொல்லு. இன்னிக்கே சொல்லு," என்றாள். பிறகு அந்தக் கூடையை ஒரே தூக்கில் தலைக்கு ஏற்றிக்கொண்டு போனாள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே அவள் மூலை திரும்பும்வரை பார்த்தேன். என் வாழ்க்கையில் யார்மேலும் அத்தனை பொறாமை வந்ததில்லை. அப்பாமேல் அப்படியொரு வெறுப்பு வந்ததும் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான்.

அன்றிரவே அம்மாவிடம் சொன்னேன். மெட்ராஸில் பழைய டாக்டர் இல்லை. வேறொருவர், சின்ன வயது. படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "வால்வுல சுண்ணாம்பு கட்டிப்போச்சு. உள்ள திறந்து மூடுற இலையெல்லாம் கல்லாட்டம் ஆயிடுச்சு, ஒண்ணு கிழிஞ்சும் இருக்கு. பெரியவங்களுக்குப் பத்து வருஷம் ஓடுற வால்வு, வளர்ற பிள்ளைங்களுக்கு நாலஞ்சு வருஷத்துல இப்படி ஆயிடுது. எல்லா ஊர்லயும் இப்பதான் கவனிக்கிறாங்க. யாரோட தப்பும் இல்லை."

யாருடைய தப்பும் இல்லை என்று அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை. இருந்த ஒரே பிடிமானத்தையும் பிடுங்கிக்கொண்டது போல இருந்தது.

இரண்டாவது தடவை நெஞ்சைத் திறப்பது முதல் தடவை மாதிரி இல்லை என்றும் சொன்னார். இதயம் நெஞ்செலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். எலும்பை அறுக்கும்போதே ஆபத்து. நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தும் சொன்னார். அதற்காக இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

அப்பா பழையபடி கைகட்டி நின்றார். "மறுபடியும் அந்தப் பன்னி வால்வே வெக்க முடியுமா சார்?"

"வெக்கலாம். ஆனா திரும்ப நாலஞ்சு வருஷத்துல திறக்கணும். மூணாவது தடவைன்னா இன்னும் கஷ்டம்."

"அதுக்குள்ள கல்யாணத்த முடிச்சு ஒரு கொழந்தையும் பொறந்துடும் சார்."

டாக்டர் படத்தை மேஜைமேல் வைத்தார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் குரல் எப்படி வெளியே வந்தது என்று எனக்குத் தெரியாது. நான்கு வார்த்தைக்கு இரண்டு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

"எனக்கு இரும்பு வெச்சிடுங்க டாக்டர்."

"பாப்பா, நீ சும்மா இரு," என்றார் அப்பா.

"இரும்பு வெச்சிடுங்க."

"உனக்கு இன்னா தெரியும்? சும்மா இருன்றேன்ல?"

டாக்டர் இரும்பு வால்வுக்கான சம்மதப் பத்திரத்தை எடுத்து அப்பா முன்னால் வைத்தார். பதினெட்டு வயதாகாத பெண், பெற்றவர் கையெழுத்துப் போட வேண்டும். "யோசிச்சுட்டுப் போடுங்க," என்றார். அப்பா யோசிக்கவில்லை, போடவும் இல்லை. இரண்டு நாள் வராந்தாவில் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. மூன்றாம் நாள் காலை அம்மா நர்ஸிடம் போய், "நான் போட்டா செல்லுமா?" என்று கேட்டாள். செல்லும் என்றார்கள். ரேஷன் கார்டுக்காகக் கற்றுக்கொண்ட கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தாக, இடையில் இடம் விட்டு, கோட்டுக்கு மேலே ஏறிப்போகும்படி போட்டாள். வாழ்க்கையில் அப்பாவைக் கேட்காமல் அவள் செய்த காரியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அதற்குப் பிறகு வெகுகாலம் அவரைப் பார்த்துப் பேச அவள் கூசினாள்.

ஆபரேஷனில் ரத்தம் நிறையப் போனதாகச் சொன்னார்கள். ஒன்பது நாள் எனக்கு நினைவில் இல்லை. எழுந்தபோது பழைய தையல் மேலேயே புதுத் தையல் இருந்தது, முன்னைவிடத் தடிப்பாக. நெஞ்சுக்குள் யாரோ நாக்கைத் தட்டிக்கொண்டே இருப்பது போல ஒரு சத்தம். வீட்டுக்கு வந்ததும் என்னோடு பாயில் படுத்த என் தங்கை முதல் நாளே அந்தச் சத்தத்துக்குப் பயந்து எழுந்து அம்மாவிடம் போய்விட்டாள்.

பிறகு மாத்திரை, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. எங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காலை ஏழு மணிக்கே வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசையில்தான் நான் குருசுக்குப்பத்தோடு நிஜமாகச் சிநேகமானேன். அவள் எனக்கு இடம் பிடித்து வைப்பாள். கை நரம்பு எது நன்றாகக் கிடைக்கும், எந்த ஊசிக்காரர் கை மெல்லிசு, கீரை தின்றால் அளவு எப்படி மாறும், எல்லாம் அவள் சொல்லித் தெரிந்துகொண்டதுதான். முடிந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பேரும் டீ குடிப்போம்.

ஒருநாள் நான் அவளிடம் சொல்லிவிட்டேன். "உங்கம்மா மாதிரி எங்கப்பா அன்னிக்கே கேட்டிருந்தா எனக்கு ரெண்டாவது தடவ கிழிச்சிருக்கவே வேணாம்."

அவள் டம்ளரை வைத்துவிட்டு என்னை வினோதமாகப் பார்த்தாள். "எங்கம்மாவ நீ புண்ணியவதின்னு நெனச்சுக்கினு இருக்கியா? அவளுக்கு நான் இருந்தா போதும். எனக்கு இன்னா வேணும்னு என்ன எவ கேட்டா? எனக்குன்னு ஒரு புள்ள வேணும்டி. உனக்கு வெச்சத எனக்கு வெச்சிருந்தா நான் பெத்திருப்பேன்."

"அஞ்சு வருஷத்துல கெட்டுப்போயிருக்கும். அப்ப உனக்கு வயசே பதினெட்டு."

"போவட்டுமே. பெத்துட்டுப் போயிருப்பேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். இத்தனை நாளாக நான் அவள் நெஞ்சிலிருந்ததைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன், அவள் என் நெஞ்சிலிருந்ததைப் பார்த்து விட்டிருக்கிறாள்.

அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணம். எவனும் கட்டமாட்டான் என்று அப்பா சொன்ன பெண்ணை ஒருவன் எல்லாம் தெரிந்தே கட்டிக்கொண்டான். படகு ஓட்டுகிறவன், அவளைவிட அதிகம் வெட்கப்படுகிறவன். குப்பத்துக் கோயில் வாசலில் தாலி கட்டும்போது அவள் சாதாரண கழுத்து வைத்த ரவிக்கைதான் போட்டிருந்தாள். தையலின் மேல்நுனி எல்லோருக்கும் தெரிந்தது. அவள் மறைக்கவில்லை.

கர்ப்பமானபோது அவள் என்னிடம்தான் முதலில் சொன்னாள். டாக்டர்கள் திட்டினார்கள், பிறகு மாத்திரைக்குப் பதில் சில வாரம் ஊசி போட்டார்கள், பிறகு மாத்திரையையே அளவு குறைத்துச் சாப்பிடச் சொன்னார்கள். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். ஐந்தாவது மாதம் ரத்தப் பரிசோதனைக்கு அவள் வரவில்லை. அவள் வீட்டுக்குப் போனேன். வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாத்திரை கொழந்தைக்கு ஆகாது என்று யாரோ சொன்னார்களாம், இரண்டு வாரமாக நிறுத்தியிருக்கிறாள். "உதைக்குதுடி, கை வெச்சுப் பாரு," என்றாள். அவளோடு சண்டை போட்டேன். நாளைக்கே உன்னை இழுத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றே இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அவள் வயிற்றில் நான் கைவைத்தும் பார்க்கவில்லை, அத்தனை கோபம்.

மறுநாள் விடிந்ததும் அவளுக்குத் தாலி கட்டியவன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். ராத்திரியே வால்வு அடைத்துக்கொண்டுவிட்டது. மெட்ராஸுக்கு வண்டி பேசி, திண்டிவனம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

நான் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை, நெஞ்சுச் சத்தம் மட்டும் காதுக்குள் கேட்டது. அப்பா உள்ளேயிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். அந்தப் பையன் போகும்வரை நின்றார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"பாத்தியா? இதுக்குத்தான் அன்னிக்கே நான் கேட்டேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் தாங்கவில்லை. அவர் பயந்தது நடந்திருந்தது, நடந்தது இன்னொரு வீட்டில். ஒருத்தி செத்துக் கிடக்கும்போது அவருக்குத் தன் பக்கம் ஜெயித்தது போல இருந்திருக்கிறது. அன்றைக்கு அவரோடு பேச்சை நிறுத்தியவள் ஒரு வருஷத்துக்கு மேல் பேசவே இல்லை. சாப்பாடு வைப்பேன், துணி துவைப்பேன், பேசமாட்டேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை. தான் சொன்னதில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றியே இருக்காது.

மீன்காரம்மாவைப் பார்க்கப் பயந்து மார்க்கெட்டுக்குப் போவதை விட்டிருந்தேன். கொஞ்ச நாளில் நான் எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவளே காலிக்கூடையோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே பாதி பேசிக்கொண்டிருந்த பேச்சைத் தொடர்வது போலச் சொன்னாள்: "எனக்கு அவ இருந்தா போதும்னுதான் கேட்டேன். அவளுக்கு நான் போதல."

பஸ் வந்ததும் கூடையை முன்னால் தள்ளி ஏறிக்கொண்டாள். நான் அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.

அப்பாவோடு மறுபடி பேச ஆரம்பித்ததும் ஒரு வரன் விஷயத்தில்தான். நெல்லிக்குப்பத்துப் பக்கம், மனைவி இறந்தவன், இரண்டு பிள்ளைகள். என் இருபத்தோராவது வயதில். அப்பா அதை ஏதோ புதையல் கிடைத்தது போல வந்து சொன்னார். "கொழந்தைங்களும் தயாரா இருக்கு பாப்பா. உனக்குப் பெக்குற வேலயே இல்ல. எல்லாத்தயும் சொல்லிட்டேன், ஒத்துக்கினாங்க."

அவரைப் பார்த்தேன். முகம் நிஜமாகவே மலர்ந்திருந்தது. எனக்கு நல்லது செய்கிறோம் என்ற நம்பிக்கை அந்த மனிதரிடம் ஒருநாளும் குறைந்ததில்லை. சத்தம் போட்டிருக்கலாம். முதல் தடவை என்ன கேட்டாய், இரண்டாவது தடவை என்ன கேட்டாய், அவள் செத்த அன்று என்ன சொன்னாய் என்று வரிசையாகக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் புரியாமல் விழிப்பார், அதையும் நான் பார்க்க வேண்டியிருக்கும்.

"வேணாம்பா," என்றேன்.

"ஏன்?"

"எனக்கு வேணாம்."

அவர் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டார். அந்த வீட்டாரை நாளைக்கு வரச் சொல்லியிருந்தாராம், தரகரிடம் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். சைக்கிளை வெளியே எடுத்தார். பின்சக்கரத்தில் காற்று இல்லை. தள்ளிக்கொண்டே போனார்.